இருபத்துமூன்றாவது ஃபைல்

அத்தியாயம் 12

அன்று காலை எட்டரை மணிக்கு இரண்டாம் மாடி மீட்டிங் ஹாலில் இருந்தவர்கள்:

சேர்மன் அப்துல் அஜீஸ். குடவாசலில் அரிசி மண்டி வைத்திருந்தவர். துபாய்க்குப் போய்த் திரும்பிவந்து தஞ்சாவூரில் இந்த எண்பது படுக்கை ஆஸ்பத்திரியைக் கட்டினார். அவர் சத்தம் போட்டுப் பேசி யாரும் கேட்டதில்லை.

நிர்வாக அலுவலர் குஞ்சிதபாதம். பாங்கில் முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். காகிதத்தில் இல்லாததை நம்பமாட்டார். காகிதத்தில் இருப்பதை விடமாட்டார்.

நர்சிங் சூப்பிரண்டு மங்களாம்பிகை. இந்த மாதக் கடைசியில் வீட்டுக்குப் போகிறார். காலியாகப் போவது அவருடைய நாற்காலிதான்.

அந்த நாற்காலிக்கு மனுப் போட்டிருக்கும் ஸ்டாஃப் நர்சுகள் இரண்டு பேர். ஆபரேஷன் தியேட்டர் செவ்வந்தி, ஆண்கள் வார்டு எழில்மொழி.

கடைசியாக, டீ கொண்டுவந்த ஆயா. பெயர் காத்தாயி, வயது ஐம்பத்தெட்டு.

அறையில் எத்தனை பேர் இருந்தீர்கள் என்று யாரைக் கேட்டாலும் ஐந்து பேர் என்றுதான் சொல்வார்கள். எழில்மொழியால் மட்டும் அப்படிச் சொல்ல முடியாது. காத்தாயி அவளைப் பெற்றவள்.

இது ஆஸ்பத்திரியில் யாருக்கும் தெரியாது. ஆறு வருஷமாகத் தெரியாது. கீழ்வேளூர்ப் பக்கம் அறுப்புக்கு மெஷின் இறங்கிய வருஷம் காத்தாயிக்கு வயல் வேலை போனது. யாரோ ஒருவரின் சிபாரிசில் இங்கே ஆயாவாகச் சேர்ந்தாள். முதல் நாள் வாளியோடு வார்டுக்குள் வந்தவள் மகளைப் பார்த்து, “எங்கேருந்து கூட்டணுங்க சிஸ்டர்?” என்று கேட்டாள். பக்கத்தில் இரண்டு நர்சுகள் நின்றார்கள். எழில்மொழி, “ஜன்னல் பக்கத்துலேருந்து ஆரம்பிங்க” என்றாள்.

அவ்வளவுதான். திட்டம் போட்டுச் சொன்ன பொய் இல்லை. அந்த நிமிஷத்தில் திருத்தாமல் விட்டாள். மறுநாள் திருத்துவது இன்னும் கஷ்டமாகிவிட்டது. காரணம் வெட்கம். அதற்கு வேறு பெயர் வைத்து அழகுபடுத்த வேண்டியதில்லை. வீட்டில் ஒரே சட்டிச் சோற்றைத் தின்றுவிட்டு, காலையில் தாயும் மகளும் வேறு வேறு பஸ்ஸில் வந்து இறங்குகிறார்கள்.

போன வாரம் பதவி உயர்வு மனுவை நிரப்பியது அவள் புருஷன் புகழேந்தி. அவன் கையெழுத்து அழகாக இருக்கும். பதினான்காவது கேள்வி, ‘இந்நிறுவனத்தில் பணிபுரியும் உறவினர்கள்’. அதற்கு எதிரே ‘இல்லை’ என்று எழுதினான். கீழே பொடி எழுத்தில், தகவல் பொய்யானால் பணிநீக்கம் என்று இருந்தது. அதைப் படித்துவிட்டுத்தான் எழில்மொழி கையெழுத்துப் போட்டாள்.

குஞ்சிதபாதம் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“இன்டர்வியூ மூணு மணிக்கு. அதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு. ஒண்ணாம் தேதியிலேர்ந்து கிளீனிங் பூராவும் மெட்ராஸ் ஏஜென்சி கைக்குப் போறது. நம்ம ஆயாங்க முப்பத்திரண்டு பேர். வார்டு வேலைக்குப் பன்னிரண்டு பேர் போதும். மிச்சம் இருபது பேரை அனுப்பறோம். யாரை வச்சுக்கறது, யாரை அனுப்பறதுன்னு நீங்க ரெண்டு பேரும் தனித்தனியா எழுதணும், காரணத்தோட. பன்னிரண்டு மணிக்கு இங்கயே உக்காருங்க. ஒரு மணிக்குப் பேப்பர் சேர்மன் ரூமுக்கு வந்தாகணும்.”

“தியேட்டர் ஆயாங்களும் இதுல சேர்த்தியா சார்?” என்று கேட்டாள் செவ்வந்தி.

“எல்லாரும்தான்.”

அப்துல் அஜீஸ் மெதுவாகச் சொன்னார்: “எனக்கு அவங்கள்ல நாலு பேர் முகம்கூடத் தெரியாதும்மா. நாளைக்கு வார்டை நடத்தப் போறவங்க நீங்க. உங்களுக்குத்தான் ஆளத் தெரியும். மனசுல ஒண்ணு, பேப்பர்ல ஒண்ணு வேணாம். அதுதான் நான் கேக்கறது.”

“சர்க்கரை கம்மியா யாருக்குங்க?” என்று கேட்டாள் காத்தாயி.

குஞ்சிதபாதம் திரும்பிப் பார்க்காமல் கையைத் தூக்கினார். அவருக்கு ஒரு டம்ளர், சேர்மனுக்கு ஒன்று, மங்களாம்பிகைக்கு ஒன்று, செவ்வந்திக்கு ஒன்று. கடைசி டம்ளரை மகளுக்கு எதிரே வைத்தாள்.

“சிஸ்டர், டீ.”

கை ஆடவில்லை, முகமும் மாறவில்லை. காலித் தட்டை இடுப்பில் அணைத்துக்கொண்டு வெளியே போனாள். எழில்மொழி அந்த டீயைத் தொடவே இல்லை.

வார்டுக்கு வந்து ஏழாம் நம்பர் படுக்கைக்காரருக்கு நாடி பார்த்தாள். எண்ணிக்கை தவறியது. மறுபடி பார்த்தாள். மறுபடியும் தவறியது.

“ஏம்மா, எனக்கு ஏதாச்சும் ஆயிடுச்சா?” என்று பயந்துபோய்க் கேட்டார் அவர்.

“உங்களுக்கு ஒண்ணுமில்லங்க” என்றாள்.

பத்து மணிக்கு மாடிப்படிக்குக் கீழே இருந்த ஒரு ரூபாய் போனில் காசைப் போட்டாள். புகழேந்தி சிங்கப்பூரில் நாலு வருஷம் கம்பி கட்டிவிட்டுத் திரும்பியவன். இப்போது கீழவாசலில் டிராக்டர் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் வேலை பார்க்கிறான்.

“ஏங்க, ஆயாங்களைக் குறைக்கறாங்களாம். லிஸ்டை நானே எழுதணுமாம்.”

எதிர்ப்பக்கத்தில் யாரோ இரும்பைத் தட்டும் சத்தம் கேட்டது. அது நின்றது.

“அத்தை பேரு?”

“அதுலதான் இருக்கு.”

“அப்ப வச்சுக்கற பக்கம் எழுதிடு. நல்லதாப் போச்சு.”

“பின்னாடி தெரிஞ்சா? பெத்தவள வச்சுக்கிட்டு ஊரான் வீட்டுப் பொம்பளைங்கள அனுப்பிட்டான்னு சொல்ல மாட்டாங்க?”

“சரி, அப்ப அனுப்பற பக்கம் எழுது.”

“இது இல்லேன்னா அதுன்னு எடுத்துக் குடுக்க இது என்ன ஸ்பேர் பார்ட்ஸாங்க?”

“எனக்குத் தெரிஞ்சது அதுதானே எழிலு.” பிறகு, “மனுவை வாபஸ் வாங்கிட்டா?” என்றான்.

“வாங்கினா செவ்வந்தி லிஸ்டு மட்டும்தான் மிஞ்சும். அவ தியேட்டர் ஆளுங்களப் பூரா வச்சுக்கிட்டு எங்க வார்டைத் தொடச்சு விட்டுடுவா. அம்மாவும் போயிடும், எனக்கும் நைட் டியூட்டிதான்.”

அந்த நாற்காலியில் உட்காருபவருக்கு நைட் டியூட்டி கிடையாது. மாதத்தில் பாதி ராத்திரிகளை ஒன்பது வருஷமாக அவள் விழித்தே கழித்திருக்கிறாள். பகலில் தூங்கி எழுந்தால் என்ன கிழமை என்று தெரியாது. வயிற்றில் இருப்பது பசியா குமட்டலா என்று தெரியாது. மகள் யாழினி முகத்தைப் பார்த்துப் பேசுவதை விட்டுவிட்டு, “நீ இன்னிக்கு இருப்பியா, மாட்டியா?” என்று மட்டும் கேட்கப் பழகிவிட்டாள். எழில்மொழி மனுப் போட்டது பதவிக்காக என்று சொன்னால் பாதிதான் உண்மை.

“அன்னிக்கே கேட்டேன், அத்தையப் போடவான்னு” என்றான் புகழேந்தி.

“கேட்டீங்க.”

“நீ என்ன சொன்ன?”

அவள் அன்று சொன்னது இருவருக்கும் நினைவிருந்தது. ‘அங்க அவங்க எனக்கு யாரும் இல்ல.’

போன் கீச்சிட்டது. இன்னொரு ரூபாய் அவளிடம் இருந்தது. போடவில்லை.

துணி அறையில் காத்தாயி வெளுத்து வந்த பெட்ஷீட்டுகளை மடித்துக்கொண்டிருந்தாள். எழில்மொழி உள்ளே போய்க் கதவோரமாக நின்றாள்.

“அம்மா.”

“இங்க வச்சு அப்படிக் கூப்புடாதீங்க சிஸ்டர்.”

“யாரும் இல்லம்மா.”

“வெளியில ரெத்தினம் நிக்கிறான். அட்டெண்டர் வேலை பாக்கறவன் மாதிரியா இருக்கான்? ரேடியோப் பொட்டி.”

“நீ கேட்டியா, காலையில சொன்னத?”

“டீ ஊத்துனது நான்தான? காத என்ன வீட்டுலயா கழட்டி வச்சுட்டு வந்தேன்?” காத்தாயி ஒரு பெட்ஷீட்டின் முனையை மகளிடம் நீட்டினாள். எழில்மொழி பிடித்துக்கொண்டாள். இருவருமாக மடித்தார்கள். “என் பேர அனுப்பற பக்கம் மொதல்ல எழுதுங்க. வயசாயிடுச்சு, முட்டி வலி, படி ஏற முடியல. காரணம் இது போதும்.”

“ஊருக்குப் போயி என்ன பண்ணுவ? அப்பாவுக்கே வேலை இல்ல. குறுவை போயி மூணு வருஷம் ஆச்சு.”

“உங்கப்பாரு வாய்க்கா மதகுல உக்காந்து மேட்டூருத் தண்ணியப் பத்திப் பேசிக்கிட்டிருக்காரு. கேக்க ஆளு இல்ல. நான் போயி எதிர உக்காந்து கேக்கறேன்.”

எழில்மொழிக்குச் சிரிப்பு வரவில்லை. “உன்னைய அனுப்ப என்னால முடியாது.”

“ஏன் முடியாது? ஆறு வருஷத்துல கேண்டீன்ல ஒரு நாளு பக்கத்துல உக்காந்துருப்பீங்களா? இன்னிக்குப் புதுசா என்ன?”

கோபமாகச் சொல்லவில்லை. கறை போகாத துணியைத் தனியாக எடுத்து வைப்பது போல, எடுத்து வைத்தாள். எழில்மொழி கையில் இருந்த முனை நழுவியது. காத்தாயியே குனிந்து எடுத்தாள்.

“பயம் இது இல்ல சிஸ்டர். இன்னொண்ணு இருக்கு.”

“என்ன?”

“நான் சேந்தப்ப ஆபீஸ்ல ஒரு தம்பி ஃபாரம் எழுதுனாரு. பி.எஃப்.புன்னு சொன்னாரு. நீ செத்துட்டா பணம் யாருக்கும்மான்னு கேட்டாரு. உங்கப்பாரு எனக்கு முந்திப் போயிடுவாருன்னு நெனச்சேன். உங்க பேரச் சொன்னேன்.”

“என் பேரா?”

“எழில்மொழி, மக. சொன்னத எழுதிக்கிட்டு, என் கட்டை வெரல மையில தோச்சு வச்சாரு. சாவப் பத்திக் கேக்கறப்ப பொய் சொல்ல வாய் வரல.”

அந்த ஃபாரம் ஆறு வருஷமாக அதே கட்டடத்தில், ஒரு மாடிக்கு மேலே இருந்திருக்கிறது. தினமும் எழில்மொழி அதற்குக் கீழேதான் நடந்திருக்கிறாள்.

“ஏம்மா எங்கிட்டச் சொல்லல?”

“நீங்க கேக்கல.” காத்தாயி குரலைத் தாழ்த்தினாள். “காலையில ஆயாங்க ஃபைல் முப்பத்திரண்டையும் ரெத்தினம் ஆபீசர் அய்யரு ரூமுக்குத் தூக்கிட்டுப் போனான். கணக்கு முடிக்கணுமாம், ஒவ்வொண்ணாப் பாக்கறாங்களாம்.”

“பாத்தாருன்னா…”

“பாக்கட்டும். கூப்புட்டுக் கேட்டா நான் சொல்லிக்கறேன். அது வேற எழில்மொழி, எம் மக ஊருல ஆடு மேய்க்கிறா, இந்தச் சிஸ்டரு யாருன்னே எனக்குத் தெரியாதுன்னு சொல்லிடுவேன். எங்க தெருவுல மட்டும் அந்தப் பேருல மூணு பேரு. கட்சிக்காரங்க மேடையில வச்ச பேருதான? சூடம் அடிச்சுச் சத்தியம் பண்ணச் சொன்னாலும் பண்ணிடுவேன். நீங்க வாயத் தொறக்காதீங்க, போதும்.”

“சரி” என்றாள் எழில்மொழி.

உடனே சொல்லிவிட்டாள். ஒரு மூச்சு விடும் நேரம்கூட யோசிக்கவில்லை. காத்தாயி நிமிர்ந்து அவளை ஒரு தரம் பார்த்தாள். பிறகு ஒழுங்காக மடித்திருந்த பெட்ஷீட்டை உதறி மறுபடியும் மடிக்க ஆரம்பித்தாள்.

பன்னிரண்டு மணிக்கு மீட்டிங் ஹாலில் உட்கார்ந்தார்கள். மேஜையின் அந்த முனையில் செவ்வந்தி, இந்த முனையில் எழில்மொழி. நடுவில் மங்களாம்பிகை. ஆளுக்கு ஒரு தாள். சேர்ந்த தேதி வரிசையில் முப்பத்திரண்டு பெயர்கள் டைப் அடிக்கப்பட்டிருந்தன. காத்தாயி இருபத்துமூன்றாவது.

அந்த ஹாலையும் குஞ்சிதபாதத்தின் அறையையும் பிரிப்பது ஒரு பிளைவுட் பலகை. அந்தப் பக்கம் அவர் ஒவ்வொரு ஃபைலாகத் திறந்து கிளார்க்குப் பெண்ணிடம் சொல்லச் சொல்ல, அவள் எழுதிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு சொல்லும் இந்தப் பக்கம் தெளிவாகக் கேட்டது.

“நம்பர் நாலு. செல்லம்மா. ஊர் திருக்காட்டுப்பள்ளி. நாமினி, மகன் முருகையன்.”

எழில்மொழி எழுதத் தொடங்கினாள். செல்லம்மா, வைத்துக்கொள்ளலாம், முகம் சுளிக்காமல் பெட்பேன் எடுப்பவர். அடுத்தவர், அனுப்பலாம், அடிக்கடி லீவு. அதற்கடுத்தவர், அனுப்பலாம், கண் சரியில்லை.

“நம்பர் பதினொண்ணு. நாமினி, கணவர்.”

வேகமாக எழுதினாள். பன்னிரண்டு பேரைத் தேர்ந்தெடுத்தாள். பத்தொன்பது பேரை அனுப்பும் பக்கத்தில் எழுதினாள். பத்தொன்பது அடுப்பு. அதில் மூன்று பேர் அவளுடைய பிரசவத்தின்போது அவள் துணியை அலசிப் போட்டவர்கள். பேனா எங்கும் நிற்கவில்லை. இருபத்துமூன்றாவது வரி மட்டும் வெறுமையாக இருந்தது. அங்கே வந்துதான் பேனா நின்றது.

“நம்பர் பதினெட்டு. நாமினி, மகள் ராணி.”

செவ்வந்தி தலையைக் குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். அவளுக்கும் அந்தக் குரல் கேட்கும். அந்தப் பெயரும் கேட்கப் போகிறது.

“நம்பர் இருபது.”

அம்மா போய் மறுத்தால் அவர் நம்புவாரா? பெயர் நாலு பேருக்கு இருக்கலாம். ஃபைலில் ஊர் இருக்கிறது, கணவர் பெயர் வீரையன் என்று இருக்கிறது. எழில்மொழியின் ஃபைலிலும் அதே ஊர், தகப்பன் பெயர் அதே வீரையன். இரண்டு ஃபைலையும் பக்கத்தில் வைத்தால் முடிந்தது. பாங்கில் முப்பது வருஷம் கையெழுத்தை ஒத்துப் பார்த்த மனுஷனுக்கு அரை நிமிஷ வேலை.

“நம்பர் இருபத்தொண்ணு. என்னது, நாமினி எழுதலையா? விட்டுட்டு மேல போ.”

அவர் கண்டுபிடித்தால் பதவி இல்லை, வேலையும் இல்லை. பொய்க் கையெழுத்துப் போட்டவள் என்று காகிதம் கொடுத்து அனுப்புவார்கள். அந்தக் காகிதத்தோடு தஞ்சாவூரில் எந்த ஆஸ்பத்திரி வாசலிலும் நிற்க முடியாது.

“நம்பர் இருபத்திரண்டு.”

அந்தப் பக்கம் டெலிபோன் அடித்தது. குஞ்சிதபாதம் எடுத்தார். ஏஜென்சியிலிருந்து போலிருக்கிறது. யூனிஃபார்ம் பச்சையா நீலமா என்று பேச்சு நீண்டது.

அந்த இடைவெளியில் எழில்மொழி எழுதினாள். எழுத்து எழுத்தாக, அழுத்தி:

‘23. காத்தாயி. வேலை சுத்தம். இவர் என் தாய். மனுவில் பதினான்காவது கேள்விக்கு நான் கொடுத்த பதில் பொய். இவரைப் பற்றி முடிவு எழுத எனக்கு உரிமை இல்லை.’

இதைத் தைரியம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அவர் படிப்பதற்குள் தானே சொல்லிவிட வேண்டும் என்ற பயம். திருடன் போலீஸ் வருவதற்கு ஐந்து நிமிஷம் முன்னால் நகையை வாசலில் வைப்பது போன்றதுதான்.

மங்களாம்பிகை வந்து இரண்டு தாள்களையும் எடுத்துக்கொண்டார். எழில்மொழியின் தாளில் கண் ஓரிடத்தில் நின்றது. தாளை இரண்டாக மடித்தார்.

“இத நான் படிக்கல” என்று தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டு, சேர்மன் அறையை நோக்கி நடந்தார்.

எழில்மொழிக்கு மூச்சு வந்தது. இறக்கி வைத்தாகிவிட்டது. இனி நடப்பது நடக்கட்டும். இரண்டு விரல்களால் நெற்றியை அழுத்திக்கொண்டாள். அப்போதுதான் உறைத்தது.

அம்மாவுக்குத் தெரியாது.

அம்மா உள்ளே போனால், சத்தியம் பண்ணி மறுப்பாள். மேஜையில் மகளே எழுதிய தாள் விரித்திருக்கும். அதைப் பார்த்தாலும் அவளுக்குப் படிக்கத் தெரியாது.

எழில்மொழி எழுந்தாள். நாற்காலி பின்னால் சாய்ந்தது.

“எங்க கெளம்பிட்டீங்க?” என்றாள் செவ்வந்தி.

பலகைக்கு அந்தப் பக்கம் குரல் மறுபடி தொடங்கியது. “ம். நம்பர் இருபத்துமூணு. காத்தாயி. கணவர் வீரையன். ஊர் கீழ்வேளூர். நாமினி…”

குரல் நின்றது. காகிதம் புரளும் சத்தம். பிறகு கிளார்க்குப் பெண்ணிடம், “நர்சுங்க ஃபைல எடு. அந்த ஆண்கள் வார்டு பொண்ணோடது.” இன்னும் கொஞ்ச நேரம். பிறகு நாற்காலி தள்ளப்பட்டது. “ரெத்தினம், இந்த ஆயாவைச் சேர்மன் ரூமுக்குக் கூட்டிண்டு வா. உடனே.”

எழில்மொழி ஓடினாள். துணி அறையில் அம்மா இல்லை. வார்டில் இல்லை. திரும்ப மாடியேறியபோது வராந்தாவில் ஆயாக்கள் கூடியிருந்தார்கள். செய்தி எப்படியோ பரவியிருந்தது. “எங்கள அனுப்பறாங்களாமே சிஸ்டர், நெசமா?” என்று செல்லம்மா அவள் கையைப் பிடித்தாள். “நீங்கதான் எழுதுனீங்களாமே?” என்றாள் இன்னொருத்தி. விலக்கிக்கொண்டு முன்னால் போக முடியவில்லை. பத்துத் தலைகளுக்கு அப்பால், எதிர்ப் படிக்கட்டு வழியாக, ரெத்தினத்துக்குப் பின்னால் காத்தாயி வந்துகொண்டிருந்தாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே வந்தாள்.

“அம்மா.”

சத்தமாகவே வந்துவிட்டது. ஆயாக்கள் பேச்சை நிறுத்தினார்கள். ஹால் வாசலுக்கு வந்திருந்த செவ்வந்தி திரும்பிப் பார்த்தாள்.

காத்தாயி திரும்பவில்லை. “யார அம்மாங்கறாங்க?” என்று ரெத்தினம் கேட்டான்.

“வயசான பொம்பளைங்க எல்லாரையும் அப்படித்தான் கூப்புடுவாங்க அந்தச் சிஸ்டரு” என்றாள். “தங்கமான புள்ள.”

“அம்மா, நில்லு. நான் எழுதி…”

“எங்களுக்கு என்ன எழுதுனீங்க, அதச் சொல்லுங்க” என்று யாரோ குறுக்கே வந்தார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அந்தச் சத்தத்தில் எழில்மொழியின் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

காத்தாயி செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சேர்மன் அறைக்குள் போனாள். ஆயாக்கள் அவளுக்குப் பின்னால் நெருக்கிக்கொண்டு வருவதைப் பார்த்த ரெத்தினம், “யாரும் வரப்படாது, உத்தரவு” என்றான். தானும் உள்ளே நுழைந்து கதவைச் சாத்தினான்.

உள்ளே சாவி இரண்டு தரம் திரும்பியது.